கழிவுக்கும் கணக்கு எழுதிய குமரப்பா: வீட்டில் காளான் வளர்ப்போருக்கு ஒரு வாழ்க்கைப் பாடம்

கும்பப்பூ அறுவடை முடிந்த பிறகு பூதப்பாண்டி, தெரிசனங்கோப்பு, அழகியபாண்டிபுரம் பக்கங்களில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. குலை வெட்டிய வாழைத் தோப்புகளில் சருகும் மட்டையும் குவிகின்றன. வீட்டில் பழைய அட்டைப்பெட்டி, காய்கறித் தோல், தேங்காய்ச் சக்கை, காப்பிச் சக்கை என்று தினமும் சேர்ந்துகொண்டே இருக்கும். இவற்றில் கொஞ்சம் மாட்டுக்குப் போகிறது, கொஞ்சம் உரக்குழிக்குப் போகிறது. மீதியைத் தெருமுனையில் கொட்டுகிறோம், அல்லது சாயங்காலம் தீ வைத்துவிடுகிறோம்.

இந்த மீதியை வைத்து வீட்டிலேயே காளான் வளர்க்க முடியுமா என்று பயிற்சிக்கு வரும் பெண்கள் கேட்கிறார்கள். முடியும். அதற்கான செய்முறை இந்தக் கட்டுரையில் இருக்கிறது. ஆனால் செய்முறை தெரிந்தும் ஓராண்டுக்குள் காளான் வளர்ப்பைக் கைவிடுபவர்கள் பலர். அவர்களிடம் குறைவது பெரும்பாலும் தொழில்நுட்பம் அல்ல, கணக்கு. என்ன போட்டோம், என்ன எடுத்தோம், மிச்சம் எங்கே போனது என்று எழுதி வைக்கும் பழக்கம் இல்லை. அதனால் செய்முறையோடு ஒரு மனிதரின் வாழ்க்கையையும் சேர்த்துச் சொல்கிறோம். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துவிட்டு, கடைசியில் இந்திய கிராமத்தின் சாணத்துக்கும் சருகுக்கும் கணக்கு எழுதியவர் அவர். பெயர் ஜே.சி. குமரப்பா.

ஜீவா பிறந்த பூதப்பாண்டி மக்களுக்கு இப்படிப்பட்ட வாழ்க்கை புதிதல்ல. ஜீவாவும் இளமையில் காந்தியின் வழியில் நடந்து, சிராவயலில் ஆசிரமம் நடத்தியவர்தான். பின்னால் பொதுவுடைமைப் பாதையில் போனார். குமரப்பா கடைசிவரை காந்தியின் கிராமப் பொருளாதாரத்திலேயே நின்றார். காளான் அவருடைய துறை அல்ல. ஆனாலும் ஒரு வீட்டில் காளான் தொழில் நிலைக்க வேண்டுமானால் கேட்க வேண்டிய கேள்விகளை அவர் தம் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தஞ்சாவூரில் தொடங்கிய கணக்கு

குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பது பெற்றோர் வைத்த பெயர். தந்தை பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். சென்னையில் பள்ளிப் படிப்பை முடித்து, லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கையாளர் ஆனார். முதல் உலகப் போர்க் காலத்தில் அங்கேயே வேலை பார்த்தார். போர் முடிந்ததும் தாயின் அழைப்பின் பேரில் ஊர் திரும்பி, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். நல்ல வருமானம், மேல்நாட்டு உடை, மேல்நாட்டுப் பழக்கம் என்று வசதியான வாழ்க்கை.

1927-இல் அமெரிக்காவுக்குப் போனார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துவிட்டு, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படிக்கச் சேர்ந்தார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு தேவாலயத்தில் அவர் ஆற்றிய உரை நாளிதழில் செய்தியாக வந்தது. அதைப் படித்த பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அதுவரை நிறுவனங்களின் வரவு செலவைப் பார்த்த கண், இப்போது ஒரு நாட்டின் வரவு செலவைப் பார்த்தது. இங்கே விளைவது எங்கே போகிறது, வசூலாகும் வரி யாருக்குச் செலவாகிறது என்று ஒவ்வோர் இனமாகப் பிரித்துப் பார்த்தார். நாடு சோம்பலால் ஏழையாகவில்லை, அதன் செல்வம் திரும்பி வராதபடி வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். திரும்பி வராத போக்கு எதுவானாலும் அது நஷ்டம் என்ற இந்தப் பார்வை அவரைக் கடைசிவரை விடவில்லை.

நீங்களும் உங்கள் வீட்டுக்கு இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அரிசியாக, காயாக, வைக்கோலாக உள்ளே வந்தவற்றில் எவ்வளவு திரும்பி மண்ணுக்குப் போகிறது? எவ்வளவு புகையாகிறது?

சாணம் மெழுகிய தரையில் ஒரு சந்திப்பு

1929-இல் நாடு திரும்பிய அவர், தம் ஆய்வை அச்சிடும் நோக்கத்தோடு காந்தியைப் பார்க்கப் போனார். மே மாதம் 9-ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்தில், ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்த முதியவரைக் கண்டார். அவர்தான் காந்தி என்பது இவருக்குப் பிறகே தெரிந்தது. உடுத்தியிருந்த மேல்நாட்டு உடை தரையில் உட்காரத் தோதாக இல்லை. அப்படியும் உட்கார்ந்துவிட்டார். ஆய்வைப் படித்த காந்தி அதைத் தம் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட ஒப்புக்கொண்டார். அதோடு, குஜராத்தில் கிராம ஆய்வு ஒன்றை நடத்தித் தரும்படியும் கேட்டார்.

குமரப்பாவுக்கு குஜராத்தி தெரியாது. இருந்தாலும் ஒத்துக்கொண்டார். குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கேடா மாவட்டம் மாத்தர் தாலுகாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடு வீடாக விவரம் சேகரித்தார். நிலம் எவ்வளவு, கால்நடை எத்தனை, கடன் எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை என்று எல்லாவற்றையும் எழுதினார். அந்த ஆய்வு 1931-இல் நூலாக வந்தது. அந்தக் காலத்தில்தான் கோட்டைக் கழற்றி கதர் உடுத்தினார். கார்னீலியஸ் என்பதை விட்டு, குடும்பப் பெயரான குமரப்பாவை ஏற்றார்.

விரிவாக்கப் பணியில் இருப்பவர்களுக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. ஊருக்கு என்ன தொழில் வேண்டும் என்று முடிவு செய்யுமுன் அவர் ஊரை எண்ணிப் பார்த்தார். நீங்கள் காளான் தொடங்குமுன் செய்ய வேண்டியதும் அதுவே. ஒரு வாரம் வீட்டுக் கழிவை மூன்றாகப் பிரித்து வையுங்கள்.

முதல் குவியல் காய்ந்த தாவரக் கழிவு. வைக்கோல், வாழைச்சருகு, கரும்புச்சாறு கடைச் சக்கை, நிலக்கடலைத் தோல், சோளச் சக்கை, மேல்பூச்சும் அச்சும் இல்லாத பழுப்பு அட்டை இதில் வரும். சிப்பிக் காளானுக்கு உணவாவது இதுதான்.

இரண்டாவது, அடுக்களை ஈரக் கழிவு. சோறு, குழம்பு, மீன் முள், காய்த் தோல், தேங்காய்ச் சக்கை போன்றவை. இது காளானுக்கு ஆகாது. மாவும் சர்க்கரையும் உள்ள பொருளில் பச்சைப் பூசணமும் பாக்டீரியாவும் காளானை முந்திக்கொண்டு வளரும். நாற்றம் வரும், ஈ மொய்க்கும். இதன் இடம் உரக்குழி. காப்பிச் சக்கை மட்டும் விதிவிலக்கு. பால், சர்க்கரை சேராத அன்றைய சக்கையை வைக்கோலோடு சேர்த்தே வேகவைக்கலாம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது, பிளாஸ்டிக், கண்ணாடி, மருந்து அட்டை. இது இரண்டுக்கும் ஆகாது.

சமையல் கழிவில் காளான் வளர்க்கலாம் என்று யாராவது பொதுவாகச் சொன்னால் நம்பிப் பணத்தைப் போடாதீர்கள். முதல் குவியல் உங்கள் வீட்டில் எவ்வளவு சேர்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பீகாரில் ஒவ்வோர் அணாவும்

1934 ஜனவரியில் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. நாடெங்கும் இருந்து நிவாரணப் பணம் குவிந்தது. அதன் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவரின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு கட்டினார். காந்தியும் உடன் வந்தவர்களும் அங்கே வந்தபோது, அவர்களுடைய செலவையும் நிவாரண நிதியிலிருந்து கொடுக்க மறுத்துவிட்டார். பாதிக்கப்பட்டவர்களுக்காக வந்த பணம் வேறு யாருக்கும் போகக் கூடாது என்பது அவர் கட்சி. காந்திக்கு இதனால் அவர்மேல் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

இந்தக் கறார் உங்கள் காளான் நோட்டிலும் வேண்டும். வித்து, வைக்கோல், பை, விறகு அல்லது எரிவாயு, உங்கள் உழைப்பு நேரம் என்று செலவுக்கு ஐந்து பத்தி போடுங்கள். வரவுக்கு மூன்று: வீட்டில் சமைத்தது, விற்றது, உரக்குழிக்குப் போன சக்கை. பலர் வீட்டில் சமைத்ததை எழுதுவதில்லை. சொந்த உழைப்பையும் எழுதுவதில்லை. இரண்டையும் விட்டுவிட்டால் லாபமா நஷ்டமா என்று கடைசிவரை தெரியாது.

வித்தும் பையும் கொடுத்து, விளையும் காளானை நல்ல விலைக்கு நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி முன்பணம் கேட்பவர்கள் உண்டு. இப்படிப் பணத்தை இழந்தவர்களையும் பயிற்சிகளில் சந்திக்கிறோம். முதல் சந்தை உங்கள் வீடு, அடுத்தது உங்கள் தெரு, அதன்பின் பூதப்பாண்டியும் நாகர்கோவிலும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற இடமில்லை. உள்ளூர்த் தேவை முதலில், வெளிச் சந்தை பிறகு என்பதுதான் குமரப்பாவின் பொருளாதாரமும்.

வார்தாவில் கழிவு செல்வமான கதை

1934 இறுதியில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. குமரப்பா அதன் செயலாளர் ஆனார். வார்தாவில் மகன்வாடி என்ற இடம் அதன் தலைமையகம். மாட்டுச் செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு, கையால் செய்யும் காகிதம், சோப்பு, மண்பாண்டம் என்று கிராமத் தொழில் ஒவ்வொன்றையும் அங்கே சோதித்து, கருவிகளை மேம்படுத்தி, ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கையும் உருவாக்கினார்கள்.

பனை உள்ள குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அவருடைய ஒரு வாதம் உடனே விளங்கும். கரும்புக்கு நல்ல நிலமும் நிறைய நீரும் வேண்டும்; பனையோ தரிசிலும் நிற்கும். இனிப்புக்குப் பனையை நம்பினால் நல்ல நிலம் உணவுப் பயிருக்கு மிஞ்சும் என்றார். ஒரு தொழிலை அது தரும் பணத்தை மட்டும் வைத்து அவர் அளக்கவில்லை. அது யாருடைய நிலத்தை, யாருடைய உணவை எடுத்துக்கொள்கிறது என்றும் பார்த்தார்.

கழிவு விஷயத்தில் அவர் இன்னும் கண்டிப்பு. சாணத்தை அடுப்பில் எரிப்பது மண்ணின் உணவை எரிப்பது என்று எதிர்த்தார். சாணம், இலைதழை, வீட்டுக் குப்பை, மனிதக் கழிவு அனைத்தையும் முறையாக மட்கவைத்து நிலத்துக்கே திருப்ப வேண்டும் என்றார். ஆங்கிலேய விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவார்ட் 1920-களில் இந்தூரில் உருவாக்கிய கம்போஸ்ட் முறை அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. குமரப்பாவின் பிரசாரமும் அதே திசையில் இருந்தது. ஊர் சுத்தம், நிலத்தின் வளம், உழவனின் வருமானம் மூன்றும் ஒரே வேலையில் கிடைக்கின்றன என்பது அவருடைய கணக்கு.

வீட்டுக் காளானும் இதே கணக்கில் வருகிறது. வைக்கோல் இடையில் ஒரு வேளை உணவைக் கொடுத்துவிட்டு, அதன்பின் உரமாகிறது. ஆனால் இங்கேயும் குமரப்பாவின் கேள்வியைக் கேளுங்கள். உங்கள் வீட்டில் பசு இருந்து, வைக்கோல் அதற்கே போதாது என்றால், பசுவின் வாயிலிருந்து எடுத்துக் காளானுக்குப் போடாதீர்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு வாழைச்சருகுதான் ஏற்றது.

சிறையில் எழுதிய நூல்

விடுதலைப் போராட்டத்தில் அவர் பலமுறை சிறை சென்றார். 1942 போராட்டத்தைத் தொடர்ந்து ஜபல்பூர் சிறையில் இருந்தபோது, நிலைத்த பொருளாதாரம் என்ற பொருள் தரும் புகழ்பெற்ற ஆங்கில நூலை எழுதினார். 1945-இல் அது வெளிவந்தது.

இயற்கையில் எதுவும் வீணாவதில்லை, ஒன்றின் மிச்சம் இன்னொன்றின் உணவாகிச் சுழற்சி நடக்கிறது, மனிதன் அந்தச் சுழற்சியை அறுக்கும் இடத்தில் வறுமையும் வன்முறையும் வருகின்றன என்பது நூலின் சாரம். பொருளாதாரத்தை அவர் ஐந்து வகையாகப் பிரித்தார். கொன்று தின்னும் புலி, விளைவிக்காமல் பறித்துத் தின்னும் குரங்கு, தனக்காகக் கூடு கட்டும் பறவை, கூட்டத்துக்காக உழைக்கும் தேனீ, பலன் எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை என்று எளிய உதாரணங்கள் தந்தார். மேலே போகப் போக அழிவு குறைந்து சேவை கூடுகிறது.

காளானின் வேலையும் இந்தச் சுழற்சியில் ஒரு கண்ணி. அதற்குப் பச்சையம் இல்லை. வெயிலில் உணவு தயாரிக்கத் தெரியாது. வைக்கோலில் உள்ள செல்லுலோஸ், லிக்னின் போன்ற கடினமான நார்ப்பொருளை உடைத்துத் தின்று வளரும். நம் வயிற்றுக்குச் செரிக்காத வைக்கோலை நமக்கு உணவாக மாற்றித் தருகிறது. அது தின்றது போக மிஞ்சும் சக்கை சீக்கிரம் மட்கும்.

குமரப்பா சிறையில் இருந்த அதே 1940-களில் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டினார்கள். 1960-களின் தொடக்கத்தில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்க்கும் முறையை வெளியிட்டது. 1998-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெப்பத்தைத் தாங்கும் ஏபிகே 2 என்ற பால் காளான் ரகத்தை அருப்புக்கோட்டையிலிருந்து வெளியிட்டது. இன்று வீட்டில் காளான் வளர்ப்பது எளிதாகிவிட்டது என்றால் அதற்கு இந்த உழைப்பே காரணம்.

உங்கள் வீட்டில் சிப்பிக் காளான்: செய்முறை

பருவம்: சிப்பிக் காளானுக்கு 20 முதல் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேல் காற்றில் ஈரமும் வேண்டும். இரண்டு பருவமழையும் கிடைக்கும் நம் மலையடிவாரத்தில் ஜூன் முதல் பிப்ரவரி வரை இது வசதி. மார்ச் முதல் மே வரை 30 முதல் 35 டிகிரியில் வளரும் பால் காளானுக்கு மாறலாம். அதற்கு இழை பரவிய பின் மேல்மண் இட வேண்டும் என்பதால், முதலில் சிப்பியில் பழகிக்கொள்ளுங்கள்.

வைக்கோல்: பொன்னிறமாக, நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். கன்னிப்பூ வைக்கோல் பல ஆண்டு மழையில் மாட்டிக்கொள்ளும். கறுத்து, பூசண வாடை அடித்தால் வேண்டாம். கும்பப்பூ வைக்கோலை உலர்வாகக் கட்டி வைத்து ஆண்டு முழுக்கப் பயன்படுத்துவது நல்லது. அறுவடையை ஒட்டிப் பூச்சிமருந்து அடித்த வயலின் வைக்கோலைத் தவிருங்கள். வாழைச்சருகாக இருந்தால் மரத்திலேயே காய்ந்ததை எடுங்கள். அட்டை சேர்ப்பதானால் கால் பங்குக்கு மேல் வேண்டாம்.

பதப்படுத்துதல்: வைக்கோலை 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 4 முதல் 5 மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் கொதிக்கும் நீரில் வேகவைத்து வடியுங்கள். சுத்தமான விரிப்பில் நிழலில் ஆறவிடுங்கள். கையில் எடுத்து இறுகப் பிழிந்தால் சொட்டு விழக் கூடாது. ஆனால் உள்ளங்கை நனைய வேண்டும். இதுவே சரியான பதம்.

படுக்கை: 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமுள்ள பாலித்தீன் பையின் அடியைக் கட்டி, நடுவில் எதிரெதிராக 1 செ.மீ. அளவில் இரண்டு துளை இடுங்கள். 5 செ.மீ. உயரத்துக்கு வைக்கோல், அதன்மேல் ஓரமாக ஒரு கை வித்து, மறுபடி வைக்கோல் என்று அடுக்குங்கள். ஐந்து அடுக்கு வைக்கோல், இடையில் நான்கு அடுக்கு வித்து. பை ஒன்றுக்கு 100 முதல் 150 கிராம் வித்து போதும். லேசாக அழுத்தி வாயைக் கட்டுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் வித்தைத் தொட வேண்டும்.

பை விஷயத்தில் குமரப்பா நம்மைக் கேள்வி கேட்டிருப்பார். கழிவைக் குறைக்கத் தொடங்கிய தொழில் வாரந்தோறும் பிளாஸ்டிக் கழிவைத் தரலாமா? இரண்டு மூன்று படுக்கை மட்டும் போடும் வீட்டில் பழைய பிளாஸ்டிக் வாளியின் பக்கங்களில் நான்கைந்து துளை இட்டு, வெந்நீரில் கழுவிக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். பெயிண்ட், பூச்சிமருந்து இருந்த வாளி கூடவே கூடாது. பை பயன்படுத்துபவர்கள், முடிந்த பைகளைத் தீயில் போடாமல் சேர்த்து வைத்துப் பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்களிடம் கொடுங்கள்.

இழை பரவுதல்: இருட்டான, காற்றோட்டமுள்ள அறையில் 15 முதல் 20 நாட்களில் படுக்கை முழுக்க வெண்ணிறமாகும். இந்த நாட்களில் தண்ணீர் தெளிக்க வேண்டாம். பச்சையாகவோ கறுப்பாகவோ படர்ந்த படுக்கையை உடனே வெளியே எடுத்து, தூரத்தில் உள்ள உரக்குழியில் புதையுங்கள். மருந்து அடிக்காதீர்கள், நீங்கள் சாப்பிடப் போகும் பொருள் இது.

அறுவடை: வெண்மையான பையைக் கிழித்து நீக்கி, மிதமான வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் உறிபோலத் தொங்கவிடுங்கள். வாளியில் வளர்ப்பவர்களுக்குத் துளைகள் வழியே காளான் வரும். தினமும் இரண்டு மூன்று முறை கைத்தெளிப்பானால் நீர் தெளியுங்கள். சன்னலுக்குக் கொசுவலை கட்டுங்கள். 3 முதல் 4 நாட்களில் மொட்டு தெரியும். அடுத்த 3 நாட்களில் விரியும். ஓரம் மெலிந்து சுருளுமுன் கொத்தாகத் திருகி எடுங்கள். ஒரு வாரம், பத்து நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு அறுவடை வரும். மொத்தம் ஏறத்தாழ 45 நாள். ஒரு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு மொத்தமாக அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை காளான் எதிர்பார்க்கலாம்.

எச்சரிக்கை: விரிந்து முற்றிய காளானின் வித்துத்தூள் சிலருக்கு இருமலும் ஒவ்வாமையும் தரும். மூக்கையும் வாயையும் துணியால் மூடி அறுவடை செய்யுங்கள்; படுக்கும் அறையில் வளர்க்க வேண்டாம். மழைக்காலத்தில் தோட்டத்தில் தானாக முளைக்கும் காளானை, பழக்கமில்லாமல் பறித்துச் சமைக்காதீர்கள். உங்கள் படுக்கையிலேயே வேறு நிறத்தில், வேறு வடிவத்தில் ஏதாவது முளைத்தால் அதையும் உண்ண வேண்டாம்.

சத்து பற்றியும் மிகைப்படுத்தாமல் தெரிந்துகொள்ளுங்கள். பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குத் தண்ணீர்தான். காய்ந்த எடையில் சுமார் 20 முதல் 30 சதவீதம் புரதம். பருப்புக்கும் மீனுக்கும் மாற்று என்று எண்ணாமல், வாரம் இரண்டு முறை அவற்றோடு சேரும் நல்ல காயாக எண்ணுங்கள்.

சக்கை: அறுவடை முடிந்த படுக்கையை உதிர்த்து, இரண்டாவது குவியலான அடுக்களைக் கழிவோடும் சாணத்தோடும் உரக்குழியில் அடுக்குங்கள். மண்புழுவுக்கும் இது பிடிக்கும். மட்கியபின் வாழைக்கும் தென்னைக்கும் வீட்டுக் காய்கறிக்கும் போடலாம். இதோடுதான் உங்கள் நோட்டில் அந்தப் பக்கம் முடிகிறது.

கல்லுப்பட்டியில் கடைசி நாட்கள்

விடுதலைக்குப் பிறகு குமரப்பா பதவியைத் தேடவில்லை. காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி 1949-இல் அறிக்கை தந்தார். உழுபவனுக்கே நிலம் என்ற திசையில் அது பேசியது. பெரிய ஆலை, டிராக்டர், ரசாயன உரம் என்று நாடு போன வேகத்தை அவர் எதிர்த்தார். ஆட்சியில் இருந்த பழைய நண்பர்களோடும் முரண்பட்டார். அவருடைய பேச்சு அன்று அதிகம் எடுபடவில்லை.

1950-களில் உடல்நிலை தளர்ந்தபோது தமிழ்நாட்டுக்கே திரும்பி, மதுரைக்குத் தெற்கே டி. கல்லுப்பட்டியில் வெங்கடாசலபதி நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை; சொத்தும் சேர்க்கவில்லை. எளிய குடிசையில் ஓர் ஏழைக் கிராமத்தானின் படத்தை மாட்டி வைத்திருந்தார். யார் என்று கேட்டால், தம் குரு காந்தி என்றும், அந்தக் குருவுக்கும் குரு இந்தக் கிராமத்தான் என்றும் விளக்குவார். 1960 ஜனவரி 30-ஆம் தேதி, காந்தி மறைந்த அதே நாளில், சென்னையில் காலமானார்.

அன்று பழமைவாதம் என்று ஒதுக்கப்பட்ட அவருடைய பேச்சை இன்று வேறு பெயர்களில் எல்லோரும் பேசுகிறோம். மண்வளம், கழிவு மேலாண்மை, சுழற்சிப் பொருளாதாரம் என்கிறோம். பெயர் எதுவானாலும் அதன் தொடக்கம் வீட்டில்தான்.

காளான் வித்து, பயிற்சி பற்றிய விவரங்களுக்குத் திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள். வித்து இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போனால் வீண் அலைச்சல் இல்லை. வாங்கிய வித்தில் வெண்ணிற இழை முழுதாகப் பரவியிருக்க வேண்டும். வேறு நிறம் இருந்தால் வாங்காதீர்கள்.

எடுத்தவுடன் குடில் கட்டக் கடன் வாங்க வேண்டாம். இரண்டு படுக்கையோடு தொடங்குங்கள். அதற்கு முன் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் உங்கள் வீட்டின் மூன்று குவியலின் எடையை எழுதுங்கள். மூன்று அறுவடை முடிந்து சக்கை உரக்குழிக்குப் போன நாளில் கூட்டிப் பாருங்கள். கையில் வந்தது செலவைத் தாண்டி, தெருமுனைக்குப் போன குப்பையும் குறைந்திருந்தால், மூன்றாவது படுக்கை போடலாம்.